தேவைப்பட்டால் இருக்கிறேன்

அன்பு பிரேமினி,

நீ வேலை செய்யுற வீட்டு குவைத் மேடத்துக்கு அனுப்பப் போற இங்கிலிஷ் கடிதத்தைப் போன்ல பார்த்தேன். "இஃப் நெசசரி", தேவைப்பட்டா இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதியிருக்க. இங்கிலிஷ் சரிதான். யாருக்கு எழுதுறோம்னுதான் பார்க்கணும்.

நுவரெலியா ஹோட்டலுக்கு நானும் அப்படித்தான் எழுதினேன், தேவைப்பட்டா நம்ம காய்கறிக் கடையில இருந்து ஞாயிறும் லீக்ஸ் அனுப்புறேன்னு. அதுக்கப்புறம் ஒரு ஞாயிறுகூட அவங்களுக்குத் தேவைப்படாம போனதில்ல. எது தேவைன்னு சொல்ற உரிமையை நாமளே எழுதிக் குடுத்துடுறோம் புள்ள.

அந்த வரியை அழி. ஒப்பந்தம் முடிஞ்சதும் ஊருக்குப் போறேன்னு மட்டும் எழுது. நம்ம கடை இனிமே உன் சம்பளத்தை நம்பி இல்ல.

சின்னவளுக்கு நான்தான் சடை பின்னுறேன். கோணலா இருக்குன்னு ஸ்கூல்ல சிரிக்கிறாங்களாம். அவ அவிழ்க்க விடமாட்டேங்கிறா. நீ வந்து சொல்லிப் பாரு.

உன் வீட்டுக்காரன்,
கந்தப்பளையிலிருந்து