பலாத்தோல் வாளி

நிக்கலஸ்,

சோறு குசினியில் மூடியிருக்கிறது. மீன் குழம்பைச் சூடாக்குங்கள். பின்னேரம் வேலியை உயர்த்த றம்ஸான் வருவார். அப்போது போலோவை அறைக்குள் விடுங்கள்.

அதை நடக்கக் கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டி வேண்டாம். நேற்று கேற்றடியில் அதிலிருந்துதான் தலையை உருவிக்கொண்டு பாய்ந்தது. நெஞ்சோடு மாட்டும் வார் அலுமாரியில் இருக்கிறது. கடற்கரையில் ஊருக்குள் திரியும் மான்கள் படுத்திருக்கும். உட்துறைமுக வீதியால் போங்கள். எதையாவது கண்டு அது அசையாமல் நின்றால், உடனே கருவாட்டைக் காட்டித் திருப்புங்கள். பாய்ந்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை.

இனி அதை அடிக்க வேண்டாம். ஓடுவதைத் துரத்திப் பிடிப்பது ஹஸ்கி நாயின் பிறவிக்குணம். மான்குட்டியைக் கொன்றதற்குத்தான் அந்த அடி என்று அதற்கு விளங்காது.

“நான்தானே பலாத்தோல் போட்டு மான்களை வாசலுக்குப் பழக்கினனான்” என்று படுக்கையில் சொன்னீர்கள். நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். கோபமில்லை.

மக்டலின்

பி.கு.: இன்று கேற்றடியில் தோல் போட வேண்டாம். வாளியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். காலையில் தாய்மான் வந்தது. நான் வேலைக்கு வெளிக்கிடும்போதும் அங்கேயே நிற்கிறது.