நூரியின் குட்டிக்கு லத்தி வைத்தியம்

பொன்னேரி
18.2.2004

அன்பு மகன் மொஹசினுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும், கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற நம் குதிரை நூரியும் அல்லாஹ் கிருபையில் சுகம், ஷார்ஜாவில் உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். நூரியின் குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றதும், செத்துப்போனால் எனக்கு எழுதாதீங்க என்று போனில் சொன்னாயே, பார், எழுதிவிட்டேன்.

பிறந்து ஒன்பதாம் நாள் தொடங்கியது நிற்கவே இல்லை. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஃபஜ்ர் தொழுகைக்கு முன் மூன்று, லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் நான்கு என்று எழுதிக்கொண்டே வந்தேன். பால் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை, வாப்பாவுக்கும் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு கிரேஸை மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கேட்டில் நின்றபடியே, “டாக்டரு சொல்லிக்கீறாருக்கா, குட்டிக்கு லத்திதான் மருந்தாம்” என்று கத்திவிட்டு ஓடிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம், பதினைந்து நாள் பச்சைப்பிள்ளையை லத்தியால் அடிக்கச் சொல்கிற ஆள் டாக்டரா போலீஸ்காரனா என்று வாப்பாவிடம் திட்டித் தீர்த்தேன். மறுநாள் டாக்டரே வந்தார். கொட்டிலைப் பார்த்து, குதிரை கட்டுகிற இடமா பள்ளிவாசலா என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை, நஜீஸ், அந்த அசுத்தம், துணியில் பட்டால் தொழ முடியாதே, அதனால் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் முன்னால் பினாயில் ஊற்றிக் கழுவுவதையும், தாய் போட்ட சாணியைக் குட்டி முகர்ந்தால்கூட விரட்டுவதையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “லத்தின்னா தடி இல்லம்மா, குதிரைச் சாணி. புல்லைச் செரிக்கிற கிருமி குட்டி வயித்துல பிறக்கும்போது கிடையாது. தாயோட லத்தியைத் தின்னுதான் உள்ள போவணும். நீங்க அதைக் கழுவிக் கழுவி ஊத்திட்டீங்க” என்றார். அந்த நல்ல கிருமி குடலில் குடியேறினால்தான் கெட்டதுக்கு இடமிருக்காதாம்.

அல்லாஹ் எதிலெல்லாம் மருந்து வைத்திருக்கிறான் பார். பினாயிலை நிறுத்தினேன், தொழுகைக்கு ஒரு புடவையைத் தனியாக எடுத்துவைத்தேன். குட்டி முதல் வாய் தின்றபோது நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், வாப்பா கைதட்டினார். நேற்று, தின்ன ஆரம்பித்த ஆறாம் நாள், அஸருக்கு முன் உருண்டை உருண்டையாகப் போட்டது மகனே! வாப்பா ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். ‘உருண்டை, ஏழு’ என்று நோட்டில் எழுதினேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதில் அது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன், முதலிலிருந்து திரும்பத் தொழுதேன். நன்றிக்காக லட்டு பிடித்துத் தெருவுக்கே கொடுத்தேன், வாப்பா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, அளவு சரியா கீது என்றார், கிரேஸ் லட்டுவைக் கீழே வைத்துவிட்டாள்.

நீ வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, தினமும் தயிர் சாப்பிடு, அதிலும் நல்ல கிருமி இருக்கிறதாம், உனக்கு அது போதும். அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தும் உடம்புக்குத் தெம்பும் தரட்டும். குட்டிக்குப் பெயர் நீ வைப்பாய் என்று வாப்பா காத்திருக்கிறார், உடனே எழுது. கிரேஸ் அதற்குள் லத்தி, லத்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், அதுவும் காதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடுகிறது.

உன் உம்மா,
ஆபிதா