மிதித்த புல்

ஜூன் 14, ஞாயிறு இரவு, மியூனிக் விடுதி.

ஆஸ்திரியக் கிராமம் ஒன்றில், முழங்கால் உயரம் பூத்திருந்த புல்லில் நண்பர்களோடு உருண்டு படம் எடுத்தேன். டிராக்டரை நிறுத்திய ஒரு பெண், அது தன் மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் என்றார். ஜெர்மன் தெரிந்தவன் நான்தான். "நாங்கள் நகரத்துப் பிள்ளைகள், தெரியாது" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஊர் குஜிலியம்பாறையில், மாட்டுத் தீவனத்துக்கு விதைத்த எங்கள் சோளத்துக்குள் எவனாவது கால் வைத்தால் கல்லெடுத்து விரட்டியவன் நான்.

புத்தி கெட்டுப்போய் அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஏன் அப்பு, அம்புட்டும் தீவனமாச்சே! மாட்டுக்காரங்க வையலையா?"

"வையலப்பா."

"நாங்களும் மாடு வச்சிருக்கோம்னு சொல்லியிருப்ப. அதான் விட்டுருப்பாக."

"ஆமாப்பா" என்றேன்.