இருபத்தெட்டுன்னு ஒட்டின சீட்டு

மார்ச் 3

அக்கா, மிஷின்ல கோளாறு இல்ல. நீ கேட்ட மாதிரியே உன் பேட்மிண்டன் ராக்கெட்டுக்கு லூசா, இருபத்திரண்டு பவுண்டு இழுவைலதான் நரம்பு கட்டியிருக்கேன். மேல ஒட்டின சீட்டுல மட்டும் நீ சொன்னபடி பழைய நம்பர், இருபத்தெட்டு. கடை முதலாளி பாத்தார்னா என்னையே மிஷின்ல மாட்டி இழுத்துக் கட்டிடுவார்.

ஆனா காலேஜை விட்டவன் மூளையையும் விட்டுட்டான்னு நெனச்சியா? முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு ராக்கெட் நரம்பு அறுந்து வரும். நீ பின்னாடி நின்னு அடிக்கிற அடி அப்படி. இப்ப மூணு வாரமா நரம்புல ஒரு கீறல் இல்ல. லூசா கட்டினா மெதுவாத் தட்டினாலே பந்து தூரம் போகும், வலிக்கிற கைதான் அதைக் கேக்கும். தோள்பட்டையா? எத்தனை நாளா?

அம்மா தினம் உன்னைக் கேக்கறாங்க. "நல்லா ஆடுறாளாம்"னு ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்றேன். முகாம்ல போனைப் பிடுங்கி வெச்சிட்டாங்க, அதான் ராக்கெட் உறைக்குள்ள கடுதாசி. உறை திரும்பி வரும்போது பதில் இருக்கணும்.

உன் தம்பி

மார்ச் 7

டேய் துப்பறியும் புலி,

வலது தோள்தான். நாலு மாசமா. டாக்டர் ரெண்டு மாசம் ராக்கெட்டையே தொடாதேங்கறார். ரெண்டு மாசத்துக்கு நான் எங்க போவேன்? பதினாலாம் தேதியும் இருபதாம் தேதியும் தேர்வு ஆட்டம். ரெண்டையும் சேத்துப் பாத்து தேறுற ஜோடிதான் தேசிய அணிக்குப் போகும்.

என் டபுள்ஸ் ஜோடி நெட்டச்சிகிட்ட சொல்லல. ஆறு வருஷமா அவ முன்னாடி, நான் பின்னாடி. கோச் ஏற்கெனவே அவளுக்கு வேற பொண்ணை ஜோடி சேக்கலாமான்னு பாக்கறார். எனக்கு இருபத்தொன்பது ஆச்சு, அவளுக்கு இன்னும் வயசு இருக்கு. தோள் போச்சுன்னு தெரிஞ்சா என்னை எதுக்குடா இழுத்துட்டு அலையணும்?

நேத்து, "ஏன்டி ஸ்மாஷே அடிக்க மாட்டேங்குற?"ன்னு கேட்டா. "எதிராளிய ஏமாத்துறேன்"னேன். சிரிச்சா.

வாயத் திறக்காதே. இருபத்தெட்டுன்னே எழுது.

அக்கா

மார்ச் 15

தம்பி,

தோத்துட்டோம். கடைசி கேம், பத்தொம்பதுக்குப் பத்தொம்பது. நெட்டச்சி ராக்கெட்ல நரம்பு அறுந்துடுச்சு. அவளோட இன்னொரு ராக்கெட் முதல் கேம்லயே போயிடுச்சு. ஓடிப்போய் என் பையைத் திறந்து சீட்டைப் பாத்தா. இருபத்தெட்டு, அவளோடதும் அதே. எடுத்துட்டு வந்துட்டா. நான் பாத்துட்டே நின்னேன். "அதை எடுக்காதே"ன்னு ஒரு வார்த்தை வரலடா எனக்கு.

அவ வழக்கமா அடிக்கிற அடிதான். கோட்டைத் தாண்டி ரெண்டு அடி வெளிய விழுந்தது. அடுத்ததும் வெளிய. முடிஞ்சு போச்சு.

நரம்பைக் கட்டைவிரலால அழுத்திப் பாத்தா. சீட்டைப் பாத்தா. என்னைப் பாக்கல. வேன்ல தள்ளிப்போய் உக்காந்தா. இன்னிக்குச் சாயங்காலம் அந்த ராக்கெட்டையும் எடுத்துட்டு எங்கயோ போயிட்டா. கோச்கிட்டதான் போயிருப்பா. இருபதாம் தேதி யார் பக்கத்துல நிக்கப் போறேன்னே தெரியல.

அக்கா

மார்ச் 16

அக்கா,

கோச்கிட்ட போகல. இங்க வந்திருக்கா. உன் கடுதாசியும் அவளும் ஒரே பஸ்ல வந்திருப்பாங்க போல.

ஷட்டர் தூக்கறேன், எதிர்ல நிக்கிறா. உன் ராக்கெட்டை மேசைல வெச்சு, "இது எவ்வளவு?"ன்னா.

"சீட்டுல இருக்கே"ன்னேன்.

"சீட்டைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

சொல்லிட்டேன். தோளு, டாக்டரு, நாலு மாசம், எல்லாத்தையும். அடிக்கணும்னா இடது கையால அடி.

சீட்டை நகத்தால சுரண்டினா. அப்புறம், "உங்கக்கா தலைகூட இடது கையாலதான் சீவுறா. ஒரே ரூம்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? அவளா சொல்லுவான்னு காத்துட்டு இருந்தேன்டா. லூசுக் கழுதை"ன்னா. கழுதை நீயா நானான்னு கேக்கல.

பையிலேர்ந்து அவ ராக்கெட்டை எடுத்து நீட்டினா. "இதையும் இருபத்திரண்டுல கட்டு. ராக்கெட் கை மாறினாலும் இனி பந்து வெளிய போகக் கூடாது. இருபதாம் தேதி நான் பின்னாடி, அவ முன்னாடி. ஆனா அதுக்கு முன்னாடி கோச்கிட்ட அவளே போய்ச் சொல்லணும். சொல்லலேன்னா நான் கோர்ட்டுல காலே வைக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்றாளோன்னு நெனைக்காதே. முகத்தைப் பாத்தேன்.

சொல்லுவியாக்கா? கோச் உன்னை நிறுத்தினாலும் நிறுத்துவார், எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு சீட்டுலயும் நிஜ நம்பர்தான் எழுதப் போறேன். இந்தக் கடுதாசிய அவகிட்டயே குடுத்து விடறேன், பிரிச்சுப் படிச்சாலும் படிக்கட்டும். மூணு மணி பஸ்ஸை விடக் கூடாதாம், "எழுதினது போதும், கட்டுடா"ன்னு மேசையத் தட்டறா. நான் போகணும்.