சர்பத்தில் போட்ட ஐஸ்

அன்புள்ள அத்தா,

உங்களிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இன்றைக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. திரும்பத் திரும்பப் படித்தேன், மாறவில்லை.

போன நோன்பில் வீட்டில் எல்லோரும் வயிற்றுப்போக்கில் விழுந்தோம். நீங்கள் மட்டும் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. அன்றிலிருந்து கோட்டைப்பட்டினத்தில் ஒரே பேச்சு, அம்மா ஆக்கிய இறால். உங்கள் தங்கை, மாமிதான், உங்கள் மய்யத்து கிடந்த வீட்டிலேயே சொன்னார்: "வெந்துச்சா வேகலையான்னு பாக்காம எறக்குனா இப்புடித்தான்." அம்மா இப்போதெல்லாம் எதை ஆக்கினாலும் தான் முதலில் தின்று பார்த்துத்தான் பேரப்பிள்ளைகளுக்குப் போடுகிறாள்.

ஃப்ரிட்ஜில் மிஞ்சிய பச்சை இறாலில் சால்மோனெல்லா கிருமி இருந்தது. உங்கள் உடம்பிலும் அதேதான். பெயர் ஒன்றானதும் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரே பெயரில் ஊருக்குள் எத்தனை பேர் இல்லை? கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டால்தான் எது எதன் வாரிசு என்று தெரியும். நம் மீன்பிடி போட்டின் ஐஸ் பெட்டியையும் அப்போதே பஞ்சால் துடைத்து எடுத்து வந்திருந்தேன். இறாலில் இருந்தது தூரத்துச் சொந்தம்தான். உங்கள் உடம்பில் இருந்ததும் அந்தப் பெட்டியில் இருந்ததும் ஒரு தாய் பிள்ளைகள்.

மீனுக்குப் போட்டு மிஞ்சிய ஐஸை உடைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, நோன்பு திறக்கும் சர்பத்தில் போடுவீர்களே. "கடை ஐஸு கரைஞ்சிரும், போட் ஐஸுதான் கட்டியா நிக்கும்" என்பீர்கள். கரையில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? ஆனாலும் ஏன் அத்தா, சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு எல்லோரையும்விட நீங்கள்தானே அதிகம் குடித்தீர்கள்?

அம்மாவிடம் போனில் சொன்னேன். "யாருகிட்டயும் சொல்லாதடி. மண்ணுக்குள்ள இருக்குறவுகள எதுக்கு இழுக்குற? பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அப்போதிருந்து உட்கார முடியவில்லை. ஆய்வகத்துக்குள் அங்கும் இங்கும் நடக்கிறேன். எனக்குக் கோபம் உங்கள் மேலா, அம்மா மேலா? நீங்கள் இருந்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன். உங்களுக்காக துஆ கேட்டுவிட்டு, மாமி முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பெட்டி ஐஸை இனி யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான். ஊர் உங்களை நாலு வார்த்தை பேசும். அது உங்களுக்கு வலிக்காது. அம்மாதான் இன்னும் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கவேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் அம்மா பேச்சைக் கேட்காத,
உங்கள் சின்ன மகள் ஜமீலா