கல்லில் பெயருள்ளவன் படகில் வந்தான்

அக்டோபர் 8, திங்கள்

கார் ஏற்றும் படகு இன்று ஆறு நடை. காரில் வந்த ஒருவர், இந்தத் தீவு அடிவரைக்கும் போகிறதா, இல்லை மிதக்கிறதா என்று கேட்டார். "நங்கூரம் போட்டுத்தான் வச்சிருக்கோம், பயப்படாதீங்க" என்றேன். சிரிக்காமல் தலையாட்டிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் படகில் கையை ஆட்டிக் கார்களை வரிசையாக நிறுத்துகிறேன். முழங்கால் வலி.

அக்டோபர் 9

மர்வினைப் பார்த்தேன்.

மூன்று மணிப் படகு. ஒஹையோ மாநில எண் போட்ட சாம்பல் நிறக் கார். முன்னே வரச் சொல்லிக் கை காட்டினேன். ஓட்டியவர் தாடிக்காரர். கண்ணாடியை இறக்கினார், என்னைப் பார்த்ததும் ஏற்றிவிட்டார். இடது காது மடலில் பிளவு. தூண்டில் முள் கிழித்தது. அந்த முள்ளை எடுத்தவளே நான்தான்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் வரைபடம். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கடலோடு போன என் புருஷன். வீட்டுக்குப் பின்னால், வேலி போட்ட எங்கள் குடும்பக் கல்லறையில் அவனுக்குக் கல் இருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை. இங்கத்து வழக்கப்படி அதே கல்லில் என் பெயரும், இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

பேயா? பேய் கார் ஓட்டுமா?

அக்டோபர் 10

காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. மதியத்தோடு படகை நிறுத்திவிட்டார்கள். தீவை விட்டு யாரும் போக முடியாது. அவனும்தான்.

அனிஸ் போன் பண்ணினாள். "பெரியம்மா, ஒஹையோக்காரங்க ரெண்டு பேர் நம்ம விடுதியில இருக்காங்க. அந்தம்மா வாய் ஓயாம பேசுது. மனுஷன்தான் அறையை விட்டு வெளியவே வரமாட்டேங்குறாரு."

அனிஸ் மர்வினின் தம்பி ஃபாஸ்டரின் மகள். மர்வின் காணாமல் போனதும் ஊரே தேடப் போனது. கூடப் பிறந்தவன்தான் கடைசியாகத் திரும்ப வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். புயல் வருகிறது என்று எல்லாரும் திரும்பினார்கள். ஃபாஸ்டர் திரும்பவில்லை. நாலு நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. அனிஸ் அப்போது அவள் அம்மா வயிற்றில்.

சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11

காலையில் அந்தப் பெண் வேலியோரம் வந்து நின்றாள். பெயர் டோரீன். கற்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். உள்ளே விட்டேன், அத்திப்பழ கேக்கும் கொடுத்தேன். வேறென்ன செய்வது, சொல்லுங்கள்? யாரைக் கேட்கிறேன்!

"கடலில் காணாமல் போனவர்" என்று கல்லைச் சத்தமாகப் படித்தாள். "உங்க வீட்டுக்காரரா? ஐயோ பாவம்." என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள்தான் அழுதாள். "எங்க வீட்டுக்காரர் ரிச்சர்டுக்குத் தண்ணின்னாலே ஆகாது. அவர் பிறந்தநாளுக்குன்னு நானே ரகசியமா ஏற்பாடு பண்ணேன். படகுத்துறை வர்ற வரைக்கும் எங்க போறோம்னே சொல்லலையே."

ரிச்சர்டாம்.

மதியம் மர்வின் கொல்லைக் கதவைத் தட்டினான்.

"வெல்டா, அவகிட்ட மட்டும் சொல்லிடாத. படகு விட்டதும் போயிடுறோம்."

"எதுக்குடா போன?"

"படகு கவுந்துச்சு. நீந்தி அந்தப் பக்கம் கரையேறுனேன். ரோட்டுல ஒரு லாரி நின்னுச்சு. ஏறிட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். பாவி.

"உன் கல்லுக்குப் பக்கத்துக் கல்லைப் படிச்சியா?"

"கிட்டவே போகல."

"போய்ப் படி."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஃபாஸ்டர் பெயர், அதே வாரத்துத் தேதி. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் கழித்து வந்து, "இவன் எப்படி?" என்றான்.

"உன்னைத் தேடித்தான் போனான். நீ படுத்திருக்கிற விடுதி அவன் மக விடுதி."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியும் ஒருத்தி.

அக்டோபர் 12

காற்று அடங்கவில்லை. அவனே சொல்வானா? நான்தான் சொல்ல வேண்டுமா?

அக்டோபர் 13

முதல் படகு. காரை டோரீன் ஓட்டிவந்தாள். பக்கத்து இருக்கை காலி. கண்ணாடியை இறக்கினாள்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

வேலை முடிந்து விடுதிப் பக்கம் போனேன். வாசல் படியில் மர்வின் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். காலைச் சாப்பாட்டு மேசையில் டோரீன், அனிஸ் இரண்டு பேரிடமும் அவனே சொல்லியிருக்கிறான். கதவு பூட்டியிருந்தது. இந்தத் தீவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை, சாவியை எங்கே தேடி எடுத்தாளோ. அனிஸ் என்னைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டாள்.

அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். ஜன்னலுக்கு நகர்ந்துவிட்டாள். திரையை விலக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, எங்கப்பா இவர் ஜாடையா?"

"ஆமா. அதே மூக்கு. உட்கார்றது கூட அப்படித்தான்."

நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனை நேரம் பார்த்தாளோ, நான் வந்துவிட்டேன்.