இரவல் தந்தவர் பெயர்

மண்கும்பான்,
3.1.1988

அன்புள்ள சறோவுக்கு,

இங்கு யாவரும் சுகம். போன வருடம் முப்பது புத்தகம் வாசிப்பேன் என்று வீரம் பேசினேன், பத்தொன்பதோடு படுத்துவிட்டேன். நீர் முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறீர். நெடுந்தீவில் உமக்கு வேறு வேலையே இல்லையா, அல்லது அட்டைகளை மட்டும் வாசித்தீரா? இந்த வருடம் என் இலக்கு இருபத்துநான்கு. சிரியாதேயும்.

அன்புடன்,
பாமா

நெடுந்தீவு,
19.1.1988

என் அன்புப் பாமா,

பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் என்னைக் கள்ளி என்கிறீர்! சரி, இனி ஒரு சட்டம். வாசித்ததைக் குறித்து வைக்கும் கொப்பியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேரே அதை இரவல் தந்தவரின் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அவரையே கேட்கலாம். என் இலக்கு இருபத்தைந்து. இன்று புறப்படும் லோஞ்சுப் படகில் இரண்டு புத்தகம் அனுப்புகிறேன். என் பெயரை முதலில் எழுதும்.

உமது,
சறோ

மண்கும்பான்,
20.7.1988

அன்புள்ள சறோ,

பதினான்கு முடிந்தது! சின்னத்தங்கம் அக்கா தந்த மர்மக் கதைக்குக் கடைசிப் பக்கம் இல்லை. கொலைகாரன் யாரென்று கேட்டால், "எனக்கும் தெரியாது பிள்ளை, இருவது வருஷமாத் தேடுறன்" என்கிறா.

தபாற்கந்தோர்க் குலசிங்கம் ஓர் அரசியல் புத்தகம் தந்தார். "வாசிச்ச உடனை தாங்கோ. ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. கொப்பியில் மட்டும் எழுதினேன், சட்டம் சட்டம்தானே.

போன கிழமை ஆமிக்காரர் பக்கத்து ஊர் அல்லைப்பிட்டியைச் சுற்றிவளைத்துத் தேடினார்கள். இங்கே பலர் புத்தகங்களைப் பனை வடலிக்குள் புதைக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லை. பயப்படாதேயும்.

பாமா

நெடுந்தீவு,
30.12.1988

பாமா,

கார்த்திகைக்குப் பிறகு உம்மிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். தோற்ற வெட்கத்தில் ஒளிந்திருக்கிறீர் என்று முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நான் வாசித்தது இருபத்திரண்டு. உம்முடைய கணக்கு எனக்கு வேண்டாம், சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதும். எழுதாவிட்டால் பொங்கல் லீவுக்கு நானே வந்து நிற்பேன்.

சறோ

மண்கும்பான்,
5.1.1989

சறோ,

இதைச் சவிரிமுத்து அண்ணை தம் வள்ளத்தில் வந்து உம் கையில் தருவார். வாசித்ததும் எரித்துவிடும்.

கார்த்திகைக் கடைசியில் எங்கள் வீட்டைத் தேடினார்கள். அலுமாரியில் புத்தகம் இல்லை, கொப்பி இருந்தது. இதில் உள்ளவர்கள் எந்த இயக்கத்து ஆட்கள் என்று கேட்டார்கள். புத்தகம் இரவல் தந்தவர்கள் என்றேன். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லையே, எதை வாசித்தாய் என்று சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கொப்பியின் வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் புத்தகம் தந்த ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர் மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தார். குலசிங்கம் இன்னும் வரவில்லை. அவர் மனைவி என்னைக் கண்டால் படலையைச் சாத்துகிறா. நேற்றுச் சின்னத்தங்கம் அக்காவைக் கூட்டிப் போனார்கள். "ஏன் பிள்ளை என்ர பேரை எழுதினனீ?" என்று மட்டும் கேட்டா.

சட்டம் உம்முடையது, எழுதிய கை என்னுடையது. உம்மில் கோபம் இல்லை என்று எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் இருக்கிறது.

முதல் இரண்டு இலக்கத்திலும் உம் பெயர். அதைத்தான் முதலில் கேட்டார்கள். சறோஜினிதேவி போன மாசியில் நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனாள் என்றேன். நம்பி, சிவப்பு மையால் கோடு கீறினார்கள்.

பொங்கலுக்கு வராதேயும். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

பாமா